அப்பாவை பேன்ட் போட்டுட்டு வரச் சொல்லலாமான்னு கேட்டவருக்கு

உங்க கேள்வியை ரெண்டு மூணு தடவை படிச்சேன். மேலோட்டமா நீங்க கேட்டிருக்கிறது "டிரெஸ், செருப்பு, இங்கிலீஷ் இதையெல்லாம் வச்சு ஏன் ஆளுக்கு ஆள் மாத்தி பேசுறாங்க"ன்னு. நடந்தது என்னன்னா, தங்கச்சி கல்யாணத்துக்கு பட்டு எடுக்க சிவகங்கை பக்கத்துல இருந்து அப்பாவை கூட்டிட்டு பெரிய கடைக்கு போயிருக்கீங்க, அப்பா வேட்டி, ரப்பர் செருப்பு, கையில மஞ்சப்பை, நீங்க வண்டியை பார்க் பண்ணிட்டு வர்றதுக்குள்ள வாசல்ல நின்ன செக்யூரிட்டி "பெரியவரே, காட்டன் செக்‌ஷன் அந்தப் பக்கம்"னு கை காட்டிட்டார், அப்புறம் நீங்க வந்து ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பேசினதும் "சார் வாங்க சார்"னு லிஃப்ட் வரைக்கும் கூட்டிட்டு போயிருக்காங்க, மேல போனதும் அப்பாவை ஓரமா ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சுட்டு புடவையை எல்லாம் உங்ககிட்டயே விரிச்சு காட்டியிருக்காங்க. ஆனா கடைசி வரியில, "அடுத்த தடவை அப்பாவை பேன்ட் போட்டுட்டு வரச் சொல்லலாமா, சொன்னா வருத்தப்படுவாரா"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, நீங்க உண்மையில கேக்க வந்தது அதுதான்னு எனக்கு படுது. மத்ததெல்லாம் அதுக்கு முன்னுரை.

நான் 22 வருஷம் ஜவுளிக்கடையில இருந்தவன். மதுரையில சட்டைத்துணி கவுண்டர்ல சேந்து, அப்புறம் கோயம்புத்தூர்ல பட்டு செக்‌ஷன், கடைசி 6 வருஷம் ஃப்ளோர் இன்சார்ஜ். நடுவுல தபால்ல சோசியாலஜி எம்.ஏ. முடிச்சேன், அதனால சம்பளம் ஒண்ணும் ஏறல, ஆனா தினமும் கண்ணு முன்னாடி நடக்குறதுக்கு ஒரு பேரு கிடைச்சுது. நான் சொல்லப் போறது கடைக்கு உள்ள நின்னு பாத்தது, அதுவும் ஒரு ஆம்பளை பாத்தது. ஆஸ்பத்திரியிலயும் போலீஸ் ஸ்டேஷன்லயும் இதே ஆட்டம் நடக்கும், ஆனா அங்க போறவனுக்கு எழுந்து வேற கடைக்கு போற வசதி கிடையாது, அதனால அது இதைவிட கொடுமை, அதை அங்க வேலை பாத்தவங்கதான் சொல்லணும்.

முதல்ல சந்தேகமே இல்லாம எனக்கு தெரிஞ்சதை சொல்லிடுறேன். ஆளைப் பாத்து எடை போடுறது ரெண்டு மூணு செகண்ட்ல நடந்து முடிஞ்சுடும், அதுக்கு நம்ம பாஷையே ஒரு காரணம். தமிழ்ல ஒருத்தர்கிட்ட வாயைத் திறக்கணும்னாலே வா-வா வாங்க-வா, மேடமா அக்காவா ஏம்மாவா, சாரா அண்ணாச்சியா பெரியவரேவான்னு முதல்ல முடிவு பண்ணியாகணும், முடிவு பண்ணாம ஒரு வாக்கியம் பேசுறது கஷ்டம். எங்க கடையில பொம்பளைகளுக்கு மட்டும் நாலு படி இருந்துச்சு. கார்ல வந்து இறங்கினா "மேடம்", ஸ்கூட்டர்ல வந்தா "அக்கா", பஸ்ல வந்த களைப்போட ரெண்டு பை தூக்கிட்டு வந்தா "அம்மா வாங்க", அதுக்கும் கீழ "ஏம்மா, என்ன வேணும்". யாரும் சொல்லிக் கொடுக்கல, சேந்த ஒரு வாரத்துல 19 வயசுப் பையன் தானா கத்துக்குவான். நீங்க கவனிச்சுப் பாருங்க, எடை போட முடியாத ஆள் வந்தா கடைக்காரன் ஒரு தந்திரம் பண்ணுவான், "என்ன பாக்கணும்?", "எந்த ரேஞ்ச்ல வேணும்?", இதுல நீயும் இல்ல நீங்களும் இல்ல, மரியாதையும் கொடுக்கல அவமரியாதையும் பண்ணல. "பாக்கணும்", "வேணும்"கிற மாதிரி ஆளே இல்லாத வினையை வச்சு ஒரு நிமிஷம் ஓட்டுவான், அதுக்குள்ள வாட்ச், போன், பேச்சு எல்லாத்தையும் பாத்துட்டு அப்புறம்தான் "வாங்க சார்" வரும், இல்ல வராமலே போகும். கொங்குப் பக்கம் எல்லாத்துக்கும் ஒரு "ங்க" போடுவாங்களே அங்க இது இல்லையான்னு கேப்பீங்க. அங்கயும் உண்டு. ங்க எல்லாருக்கும் இருக்கும், ஆனா உக்காரச் சொல்றது எல்லாருக்கும் இருக்காது. காட்டு வேலைக்கு வர்ற ஆளுக்கு அந்த ங்க-வும் ரொம்ப காலம் கிடைச்சதில்லங்கிறது அந்த ஊர்க்காரங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது, எடை போடுறவன் பணக்காரன் இல்ல. உங்க அப்பாவை காட்டன் செக்‌ஷனுக்கு கை காட்டின செக்யூரிட்டி அனேகமா உங்க அப்பா மாதிரி ஒருத்தரோட பிள்ளையாத்தான் இருப்பார். சேல்ஸ்ல பீஸுக்கு இவ்வளவுன்னு இன்சென்டிவ் இருக்கு, அரை நாள் முழுக்க புடவையை பிரிச்சுக் காட்டி பில் ஆகலைன்னா சாயங்காலம் சூப்பர்வைசர் கேப்பான், பிரிச்ச 60 புடவையையும் மடிப்பு மாறாம மடிச்சு வைக்கிறதும் நாமதான். அதனால யார் வாங்குவா யார் பாத்துட்டு மட்டும் போவான்னு கணக்கு போடுற கண்ணு தானா வந்துடும். இன்னொண்ணு, அந்தக் கணக்கை நின்னுக்கிட்டே போடணும். கடைத் தொழிலாளிக்கு உக்கார இடம் கொடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டத் திருத்தமே 2021லதான் வந்துச்சு, கேரளாவுல 2018ல வந்துடுச்சு. நான் 12 மணி நேரம் நின்னு கால் நரம்பு சுருண்டு போனவன். யார் உக்காரலாம் யார் நிக்கணும்கிறதே பெரிய அந்தஸ்து அடையாளம், கடையில கஸ்டமர் உக்காருவார் நாங்க நிப்போம், அப்படி நிக்கிறவனுக்கு இன்னொருத்தரை "ஓரமா உக்காருங்க பெரியவரே"ன்னு சொல்ற அதிகாரம் கிடைக்கிறப்ப அதுல ஒரு சின்ன சுகம் இருக்கத்தான் செய்யும். நியாயப்படுத்தல, எனக்கே அந்த சுகம் இருந்துச்சு, அதனால சொல்றேன்.

எதைப் பாத்து எடை போடுறாங்கன்னா, நீங்க நினைக்கிற மாதிரி டிரெஸ் முதல்ல இல்ல. கால்தான் முதல்ல. பழைய பட்டுக்கடையில மெத்தை விரிச்சு வெள்ளைத்துணி போட்டிருக்கும், செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் ஏறி உக்காரணும், அதனால எல்லாரும் சமம் ஆயிடுவாங்கன்னு நினைப்போம். இல்ல, செருப்பை கழட்டினா குதிகால் வெடிப்பு தெரியும், நகத்து ஓரத்துல சிமென்ட் பூத்திருக்கிறது தெரியும். அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. ஒரு தை மாசம், முகூர்த்த சீசன், கூட்டம் தாங்கல. ஒரு அம்மாவும் பொண்ணும் வந்து ஓரத்துல உக்காந்தாங்க, நான் ஒரு அரக்கு கலர் கோர்வைப் பட்டை விரிச்சுப் போட்டேன். அந்தம்மா கையை நீட்டினாங்க, உடனே இழுத்துக்கிட்டாங்க, கட்டியிருந்த புடவை முந்தானையில உள்ளங்கையை ரெண்டு தடவை துடைச்சாங்க, அப்புறம் "தொட்டுப் பாக்கலாமாங்க?"ன்னாங்க. புடவை வாங்க வந்தவங்க கேக்குற கேள்வியா அது? வசதியானவங்க யாரும் கேக்க மாட்டாங்க, முந்தியை இழுத்துப் போட்டு "ஜரிகை வெளுத்துடுமா"ன்னு அதட்டுவாங்க. அவங்க அப்படி கேட்ட அந்த நொடியில என் கை அதுவா மேல் அலமாரியில இருந்து கீழ் அலமாரிக்கு போச்சு, 12,000 ரூபாய் வரிசையில இருந்து 3,000 வரிசைக்கு. நான் குரலை உயர்த்தல, மூஞ்சைச் சுளிக்கல, சிரிச்சுக்கிட்டேதான் எடுத்துப் போட்டேன். அவங்க அதுல ஒண்ணை எடுத்துட்டு போயிட்டாங்க. ராத்திரி கடையை மூடுறப்பத்தான் உறைச்சுது, எல்லாரையும் கேக்குற "எந்த ரேஞ்ச்ல பாக்கணும்"கிற கேள்வியை அவங்ககிட்ட நான் கேக்கவே இல்ல. அவங்களுக்கு பதிலா நானே சொல்லிட்டேன். அவமானப்படுத்துறதுன்னா திட்டுறதுன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம், முக்கால்வாசி நேரம் அது இப்படித்தான் சிரிச்ச முகத்தோட நடக்கும்.

இதைப் பத்தி 1951லயே எர்விங் காஃப்மன்னு ஒரு சமூகவியல்காரர் எழுதியிருக்கார். அவர் சொல்றது, என் பாஷையில சொன்னா, அந்தஸ்தோட அடையாளம் வேற அந்தஸ்து வேற, அடையாளத்தை அந்தஸ்து இல்லாதவனும் மாட்டிக்கலாம், அதனால எந்த அடையாளத்தை சுலபமா மாட்டிக்க முடியுமோ அதுக்கு மதிப்பு போயிடும், மாட்டிக்க முடியாததுக்கு மதிப்பு ஏறிடும். ஜவுளிக்காரனுக்கு இது கரெக்ட்டா புரியும். நான் வேலைக்கு சேந்தப்போ பேன்ட்டுக்குள்ள சட்டையை இன் பண்ணி ஷூ போட்டு வந்தா ஆபீஸர்னு அர்த்தம். பத்து வருஷத்துல எங்க கடைப் பையன்களுக்கே டை கட்டுறதும் சட்டையை இன் பண்றதும் யூனிஃபார்ம் ஆயிடுச்சு, வசதியான பசங்க அரை டவுசர்ல வர ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப அந்த மதிப்பு துணியில இல்லாம எங்க போய் உக்காந்திருக்குன்னா, கூச்சப்படாம இருக்கிறதுல. விலையைக் கேக்காம எடுத்துப் பாக்குறது, கண்ணாடிக் கதவைத் தள்ளவா இழுக்கவான்னு தயங்காம வர்றது, "இல்ல, பிடிக்கல"ன்னு சொல்லிட்டு சங்கடமே இல்லாம எழுந்து போறது. அப்புறம் இங்கிலீஷ், முக்கியமா அதுல தடுமாறாம இருக்கிறது. இதெல்லாம் சின்ன வயசுல இருந்து பழகினாத்தான் வரும், அலமாரியில விக்காது. உங்களை "சார்" ஆக்கினது சட்டை இல்லைங்க, அந்த ரெண்டு வார்த்தை. அதனால அப்பாவுக்கு பேன்ட் மாட்டி விட்டா என்ன ஆகும்னா, பேன்ட்டுல கூச்சத்தோட நிக்கிற ஒரு பெரியவர் வருவார், செக்யூரிட்டி அதையும் ரெண்டு செகண்ட்ல படிச்சுடுவார். வேட்டியிலயாவது அவர் கால் அவர் பேச்சைக் கேக்கும்.

எனக்கும் இது நடந்திருக்கு. பொண்ணுக்கு அட்மிஷன் கேக்க ஒரு ஸ்கூலுக்கு மதியம் லீவு சொல்லிட்டு நேரா கடை யூனிஃபார்ம்லயே போனேன், மெரூன் சட்டை, பாக்கெட்ல கடை பேரு. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு நிமிந்து பாத்து "டிரைவரா? பேரண்ட்ஸ் வரலையா?"ன்னுச்சு. நான் "வர்றாங்க"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்! அப்பான்னு சொல்ல வாய் வரல. மறுநாள் வேற சட்டை போட்டுட்டு போய் ஃபார்ம் வாங்கினேன். அந்தப் பொண்ணு சம்பளம் என் சம்பளத்தைவிட அதிகம் இருந்திருக்காது, அதுவும் மேனேஜ்மென்ட் சொல்ற வேலையைத்தான் செஞ்சுது. நான் டிரைவர்களை எப்படி பேசியிருக்கேன்னு அன்னைக்குத்தான் யோசிச்சேன், ஏன்னா "டிரைவரா"ன்னு கேட்டது எனக்கு ஏன் வலிக்கணும், டிரைவர்னா என்ன குறைச்சல்?

அடையாளத்தோட அர்த்தம் இடத்துக்கு இடம் மாறும்கிறதுக்கு உங்க அப்பா வேட்டியே சாட்சி. கரைவேட்டி கட்டி வெள்ளைக்கார்ல இறங்கினா அதே செக்யூரிட்டி சல்யூட் அடிப்பார். ஆனா 2014 ஜூலையில சென்னை சேப்பாக்கத்துல கிரிக்கெட் சங்கத்து கிளப்ல நடந்த புத்தக வெளியீட்டுக்கு போன ஹைகோர்ட் நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டியிருக்கார்னு உள்ள விடல, அடுத்த மாசமே வேட்டிக்கு தடை போடக் கூடாதுன்னு சட்டசபையில சட்டம் கொண்டு வந்தாங்க. மஞ்சப்பையும் அப்படித்தான், "மஞ்சப்பை தூக்கிட்டு வந்தவன்"னா பட்டிக்காட்டான்னு கிண்டல், 2021 டிசம்பர்ல அரசாங்கமே "மீண்டும் மஞ்சப்பை"ன்னு இயக்கம் நடத்தினதுக்கு அப்புறம் பெரிய இடத்துப் பிள்ளைங்க அதை ஸ்டைலா மாட்டிட்டு வர்றாங்க. ஆனா அவங்க தோள்ல தொங்குற மஞ்சப்பையும் உங்க அப்பா கக்கத்துல வச்சிருக்கிற மஞ்சப்பையும் ஒண்ணு இல்ல, பாக்குறவனுக்கு அது தெரியும்.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போகணும், ஏன்னா இதை வெறும் பணக்காரன் ஏழைன்னு மட்டும் பேசினா பொய்யாயிடும். உங்க சிவகங்கை அப்ப ராமநாதபுரம் ஜில்லாவுக்குள்ள இருந்துச்சு. 1930 டிசம்பர்ல அந்த ஜில்லாவுல ஆதிக்க சாதிக்காரங்க ஆதி திராவிடர்களுக்கு 8 தடை போட்டாங்க, தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது, ஆம்பளைங்க முழங்காலுக்கு கீழ வேட்டி இறக்கக் கூடாது, சட்டை பனியன் கூடாது, கிராப்பு வெட்டக் கூடாது, வீட்டுல மண்பாத்திரம் தவிர வேற கூடாது, பொம்பளைங்க ரவிக்கை தாவணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குடை செருப்பு கூடாது. மீறினா அடி, தீ வைப்பு. இது வெறும் வழக்கம் இல்ல, பட்டியல் போட்டு சொன்னது. அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, 1921 செப்டம்பர் 22ல, பக்கத்து ஊரு மதுரை மேலமாசி வீதியில ஒரு வீட்டு மாடியிலதான் காந்தி மேல்சட்டையை விட்டுட்டு முழத்துண்டுக்கு மாறினார், அந்தக் கட்டடத்துல இப்ப கதர் கடை இருக்கு, நான் எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கேன். அம்பேத்கர் பெரும்பாலும் கோட்டு சூட்டு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா ஒண்ணு புரியும், போட்டிருந்தவரால கழட்ட முடிஞ்சுது, கழட்டினதும் மதிப்பு கூடுச்சு. போடவே கூடாதுன்னு தடுக்கப்பட்டவங்களுக்கு போடுறதுதான் ஜெயிப்பு. அதனால யாராவது "டிரெஸ்ல என்ன இருக்கு, எளிமையா இருக்கணும்"னு சொன்னா, அதை அவர் எந்தப் படியில நின்னு சொல்றார்னு ஒரு தடவை பாத்துக்கங்க.

இதுல வசதி எவ்வளவு, சாதி எவ்வளவுன்னு கடைக்குள்ள பிரிச்சு அளக்க முடியுமான்னா, அது சந்தேகம்தான். டவுன்ல சாதி நேரா தெரியாது, ஆனா பேச்சு, ஊரு, நெத்தியில என்ன இருக்கு, கழுத்துல என்ன தொங்குதுன்னு பாத்து யூகிக்கிறவங்க உண்டு, அந்த யூகம் பாதி நேரம் தப்பு. ஆன்லைன்ல வாங்குறது வந்ததுல இந்த எடை போடுற வேலை கொறஞ்சுடுச்சுன்னு சில பேர் சொல்றாங்க, நான் முழுசா ஒத்துக்க மாட்டேன், பார்சல் கொண்டு வர்ற பையன் எந்த லிஃப்ட்ல ஏறணும்னு அபார்ட்மென்ட்ல போர்டு மாட்டியிருக்கிறதையும் சேத்து பாக்கணும்.

கேள்விக்கு கீழ ஒருத்தர் கர்நாடகா தும்கூர் கதையைப் போட்டிருந்தார், 2022 ஜனவரியில வண்டி வாங்கப் போன விவசாயியை சேல்ஸ்மேன் கிண்டல் பண்ண, அவர் கொஞ்ச நேரத்துல 10 லட்சத்தோட வந்து நின்னாரே அது. நல்லாத்தான் இருக்கு, எனக்கும் விசில் அடிக்கத் தோணுச்சு. ஆனா இந்த மாதிரி கதை எல்லாத்துலயும் கடைசியில அவர் பணக்காரரா இருப்பார். அவர்கிட்ட 10 லட்சம் இல்லாம இருந்திருந்தா? அப்ப கிண்டல் பண்ணது சரியா? சேல்ஸ் டிரெய்னிங்லயும் இதே கதையைத்தான் சொல்லுவாங்க, "யாரையும் குறைச்சு எடை போடாதே, உள்ள பணம் இருக்கலாம்"னு. அதுக்கு அர்த்தம் நல்லா எடை போடுன்னுதான், போடாதேன்னு இல்ல.

இன்சார்ஜ் ஆனதும் நான் ஒரு ரூல் போட்டுப் பாத்தேன், யார் வந்தாலும் முதல்ல வாங்க, உக்காருங்க, தண்ணி, அப்புறம் எந்த ரேஞ்ச்ங்கிற கேள்வி, அதுக்குள்ள அலமாரி பக்கம் கையே போகக் கூடாது. கூட்டம் இல்லாத மாசங்கள்ல நல்லா நடந்துச்சு. தை மாசம் இன்சென்டிவ் ஓட்டம் ஆரம்பிச்சதும் ரெண்டே நாள்ல காணாமப் போச்சு. பசங்களைத் திட்டி ஒண்ணும் ஆகாது, இன்சென்டிவை பில்லுக்கு கொடுக்காம கவுண்டர் மொத்தத்துக்கும் பகிந்து கொடுத்தா கொஞ்சம் மாறும்னு முதலாளிகிட்ட சொன்னேன், சிரிச்சுட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்ப உங்க அப்பா விஷயம். பேன்ட் வேண்டாம். வருத்தப்படுவாரான்னு கேட்டீங்க, வெளிய காட்ட மாட்டார், அடுத்த தடவை "நீங்க போய்ட்டு வாங்கப்பா, எனக்கு தோட்டத்துல வேலை இருக்கு"ன்னுடுவார். எத்தனையோ அப்பாக்கள் இந்த பதிலைச் சொல்லித்தான் கடைக்கு வர்றதை நிறுத்தியிருக்காங்க, பிள்ளைங்க வந்து "அப்பாவுக்கு கூட்டம்னா பிடிக்காது"ன்னு எங்ககிட்ட சொல்லுவாங்க. அதோட இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. நீங்க இங்கிலீஷ்ல பேசினது செக்யூரிட்டியை மடக்கத்தான், புரியுது, ஆனா அந்த நிமிஷமே உங்க அப்பா பேச்சுக்கு வெளிய போயிட்டார். அவரை ஸ்டூல்ல உக்கார வச்சதுல பாதி கடைக்காரன் வேலை, பாதி அந்த ரெண்டு வார்த்தையோட வேலை.

அடுத்த தடவை வண்டியை விட்டுட்டு சேந்தே உள்ள போங்க. தமிழ்லயே பேசுங்க. மெத்தையில முதல்ல அப்பாவை நடுவுல உக்கார வைங்க, நீங்க பக்கத்துல. சேல்ஸ்மேன் பழக்கத்துல உங்க மூஞ்சைப் பாத்துதான் "எந்த ரேஞ்ச் சார்"னு கேப்பான், அப்ப பதில் சொல்லாதீங்க. திரும்பி அப்பா மூஞ்சைப் பாருங்க. நீங்க யாரைப் பாக்குறீங்களோ அவன் கண்ணும் அங்க போயிடும், 22 வருஷம் என் கண்ணு அப்படித்தான் போச்சு. அவர் ஒரு தொகையைச் சொல்லட்டும், புடவையைக் கையில வாங்கி ரெண்டு விரலால தேய்ச்சுப் பாக்கட்டும், நேரம் ஆனாலும் பரவால்ல.